அல்சூர் மாடி பிசியோ: ஜவ்வு கிழிந்தவர்களுக்காக

முட்டி ஜவ்வு கிழிந்தவனைப் படியேற வைக்கிறார்களே என்று முதல் நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. இந்த பிசியோதெரபி கிளினிக் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேலே முதல் மாடி, லிஃப்ட் இல்லை, 18 படி. பேட்மின்டனில் குதித்து இறங்கும்போது 'டப்'பென்று போனது ஏசிஎல், முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஜவ்வு. ஆபரேஷனில் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து அதற்குப் பதிலாக வைத்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது.

இதற்கு முன் வீட்டுப் பக்கம் வேறோர் இடத்துக்குப் போனேன். படுக்க வைத்துக் கரண்ட் வைப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டி முழுசாக நீளவே இல்லை. இங்கே பிசியோ பார்க்கும் பெண் முதலில் எடுத்தது இஞ்ச் டேப். இரண்டு தொடையையும் அளந்தார், ஆபரேஷன் ஆன பக்கம் 3 சென்டிமீட்டர் குறைவு! குதிகாலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, "முட்டியைக் கீழே அழுத்துங்க அண்ணா, தொடை கல்லு மாதிரி ஆகணும்" என்றார். பல்லைக் கடித்து அழுத்துகிறேன், தொடை யாருக்கோ சொன்ன மாதிரி சும்மா கிடக்கிறது. மூட்டு வீங்கினால் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையே மங்கிவிடுமாம், அதைத் திரும்ப எழுப்பவே வாரக்கணக்கில் ஆனது.

மூன்றாம் மாதம் வலி சுத்தமாகப் போய்விட்டது, நானும் ராக்கெட்டைத் தூசி தட்டினேன். செம டோஸ் விழுந்தது. வலி போவது வேறு, வைத்த நார் ஜவ்வாக மாறுவது வேறு, அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். குறைந்தது 9 மாதம், அதோடு ஒற்றைக்கால் தாண்டலில் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

குறை? மாலை ஆறு மணிக்கு மேல் போனால் முக்கால் மணி நேரம் பெஞ்சில்தான். ஒரு தடவைக்கு 700 ரூபாய். ஆனால் முன்பணப் பேக்கேஜ் என்று தலையில் கட்டுவதில்லை.

இப்போது இரண்டு வருஷம். மெட்ரோ படி இறங்கும்போது கை இன்னும் தானாகக் கம்பியைத் தேடுகிறது. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் மற்றவர்களைவிட மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள், அதனால் எடையும் தொடைப் பயிற்சியும் எனக்கு ஆயுள் சந்தா. ஊன்றுகோலோடு போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான்.