‘100 வாட்ஸ் ஆட்டோ ட்யூனர்’ வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் கவனத்துக்கு. ‘100 வாட்ஸ், 1.8 முதல் 50 மெகாஹெர்ட்ஸ், எந்த ஆன்டெனாவுக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தோடு, சின்ன அலுமினியப் பெட்டியில் ஓஎல்இடி திரை வைத்த ஆட்டோமேட்டிக் ஆன்டெனா ட்யூனர் ஒன்று இணையக் கடைகளில் விற்கிறது. ஆன்டெனாவின் ஓம்ஸை, ரிக் (டிரான்ஸீவர்) எதிர்பார்க்கும் 50 ஓம்ஸுக்கு மாற்றித் தருவதுதான் ட்யூனரின் வேலை. எங்கள் கிளப்புக்காக வாங்கிய பெட்டி, 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) 40 வாட்ஸ் கேரியரை, அதாவது பேச்சு ஏற்றாத நிலையான அலையைக்கூடத் தாங்காமல் உள்ளே கருகிப்போனது. விற்றவரிடம் கேட்டால் முதலில் ‘ஆன்டெனா சரியில்லை’ என்றார். போட்டோ அனுப்பியதும் ‘பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது’ என்றார். கடைசியில், விலையில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன், ரிவ்யூவில் மட்டும் ஒன்றும் எழுதாதீர்கள் என்று பேரம் பேசினார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பணமும் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு மூலமான ஏடியூ-100 நல்ல வடிவமைப்பு. சர்க்யூட், மென்பொருள் இரண்டும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டவை. ஏழு காயில், ஏழு கெபாசிட்டர், அவற்றை உள்ளே வெளியே மாற்ற ஆளுக்கொரு ரிலே (மின்காந்த சுவிட்ச்), கெபாசிட்டர் வரிசையை ரிக் பக்கமோ ஆன்டெனா பக்கமோ திருப்ப இன்னொரு ரிலே, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு பிக் (PIC) மைக்ரோகன்ட்ரோலர் சிப். 128 × 128 × 2, அதாவது 32,768 சேர்க்கைகளில் எது பொருந்துகிறது என்று ஒரு சில நொடிகளில் தேடிப் பிடிக்கும். திருட்டுத்தனம் முழுக்க அதை அச்சடித்து விற்பவர்கள் போடும் பாகங்களில்தான் இருக்கிறது.

விளம்பரத்திலேயே ஒரு தடயம் கிடைக்கும். திரையில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பி வரவில்லை) 1.00 என்று பெருமையாகக் காட்டும் படத்தை உற்றுப் பாருங்கள். பக்கத்தில் எல், சி (சேர்ந்திருக்கும் காயில், கெபாசிட்டர் மதிப்புகள்) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் பூஜ்யம் என்றால் மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் 50 ஓம்ஸ் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர். ட்யூனர் ஒரு வேலையும் செய்யவில்லை. இரண்டு சாக்கெட்டுக்கு நடுவே வெறும் கம்பி போட்டாலும் அதே 1.00 வரும். எல், சி மதிப்போடு, 50 ஓம்ஸ் அல்லாத லோடில் ட்யூன் ஆகும் வீடியோ கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

இனி கருகிய கதைக்கு வருவோம். ட்யூனருக்கு எதிரே 500 ஓம்ஸ் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மாடியில் எப்படியோ கட்டிய ஒயருக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. 7.1 மெகாஹெர்ட்ஸில் அதை 50 ஓம்ஸாக மாற்ற 3.4 மைக்ரோஹென்றி காயிலும் சுமார் 134 பிகோஃபாரட் கெபாசிட்டரும் வேண்டும். 40 வாட்ஸ் கொடுத்தால் கெபாசிட்டர் முனைகளில் உச்ச வோல்டேஜ் 200. அதன் வழியே ஓடும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) கரண்ட் 0.85 ஆம்பியர். என்பி0 என்ற, இழப்பு குறைந்த செராமிக் வகை, 1 கிலோவோல்ட் கெபாசிட்டராக இருந்தால் அதற்குள் வீணாவது 0.1 வாட் சொச்சம்தான். எக்ஸ்7ஆர் என்ற, இழப்பு அதிகமான செராமிக் வகை, 50 வோல்ட் துண்டைப் போட்டிருந்தால், இழப்பு 2.5 சதவீதம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 3 வாட்ஸ் சூடு. 134-ஐ ட்யூனர் 100, 22, 10 என்று சேர்த்துத்தான் உண்டாக்கும். அந்த 3 வாட்ஸில் முக்கால்வாசி 100 பிகோஃபாரட் துண்டின் தலையில் விழும். அரிசிமணி அளவுள்ள சிப் அதைத் தாங்குமா? போர்டில் அந்த ஒரு துண்டு மட்டும் நடுவில் பிளந்து, சுற்றிலும் பச்சைப் பூச்சு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த 470, 1000 பிகோஃபாரட் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை அப்போது இணைப்பிலேயே இல்லை. ‘ஆன்டெனா கோளாறு’ என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. பொருந்தாத ஆன்டெனாவுக்காகத்தானே ட்யூனரே வாங்குகிறோம்.

100 வாட்ஸ் என்று போட்டிருப்பதால் கணக்கை அதற்கும் பார்த்துவிடலாம். அதே 500 ஓம்ஸில் உச்சம் 316 வோல்ட். அரை அலைநீள ஒயரின் நுனியை நேராக மாட்டி, அங்கே 2500 ஓம்ஸ் இருந்தால் 700 வோல்ட்டைத் தாண்டும்.

அடுத்த மோசடி கண்ணுக்குத் தெரியாது: டயோடு. உள்ளே இருக்கும் கப்ளர் (போகும் அலையையும் திரும்பும் அலையையும் தனித்தனியே அளக்கும் பகுதி) வோல்டேஜைப் பத்தில் ஒரு பங்காக்கி டயோடு வழியே மைக்ரோகன்ட்ரோலருக்குத் தருகிறது. குறைந்த வோல்டேஜிலேயே கடத்தும் ஷாட்கி டயோடு அங்கே இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க 1என்4148 போட்டுவிடுகிறார்கள். 5 வாட்ஸில் உண்மையான எஸ்டபிள்யூஆர் 2 என்றால், திரும்பி வரும் அலையின் பங்காக டயோடுக்குக் கிடைப்பது 0.75 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. 1என்4148 அதில் 0.65-ஐத் தானே விழுங்கிவிடும். மிச்சத்தைப் பார்த்துவிட்டு மென்பொருள் ‘1.1’ என்று காட்டும். ட்யூனரும் ‘வேலை முடிந்தது’ என்று நின்றுவிடும். ரிக்கின் பின்பக்கம் சூடாகிக்கொண்டிருக்கும்போது திரை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். எஸ்டபிள்யூஆர் ஏறினால் தானே பவரைக் குறைத்துக்கொள்ளும் ரிக் தப்பிக்கும். மைக்ரோபிட்எக்ஸ் போன்ற, கடைசி பவர் நிலையில் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் வைத்த வீட்டுத் தயாரிப்புகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

காயிலில் ஏமாற்றுவது சிவப்பு பெயின்ட். எச்எஃப்-க்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ஏற்ற 2-ஆம் எண் இரும்புத்தூள் கோர் சிவப்பு நிறம் என்பதால், எதற்கோ செய்த கோரில் சிவப்பு அடித்துவிட்டால் போதும். நல்ல டி68-2 கோரில் 20 சுற்று 2.3 மைக்ரோஹென்றி அருகில் வரும், 28 சுற்று 4.5 அருகில். எல்சி மீட்டரில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு காட்டினால் அது வேறு கோர், எச்எஃப்-இல் அடுப்பாகக் காயும்.

சரி, பெட்டி கைக்கு வந்துவிட்டது. திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகளை ரிட்டர்ன் தேதிக்குள் முடித்துவிடுங்கள், பார்சல் பிரிப்பதிலிருந்து வீடியோ ஓடட்டும். 1 கிலோஓம், 2 வாட்ஸ் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் 40 வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒயர்வவுண்டு வேண்டாம், அதுவே ஒரு காயில். இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம்ஸ், நாற்பதையும் சேர்த்தால் 25, பத்து மட்டும் என்றால் 100. கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டிச் சாலிடர் செய்யுங்கள்.

ட்யூனரை பைபாஸில் (காயில், கெபாசிட்டர் எதுவும் சேராத நிலையில்) வைத்து 5 வாட்ஸ் கேரியர் கொடுங்கள். 50 ஓம்ஸில் 1.0, 25-லும் 100-லும் 2.0 காட்ட வேண்டும். 1.2, 1.3 என்றால் டயோடு கதைதான். அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். தேறினால் 100 ஓம்ஸில் ட்யூன் செய்து, 10 வாட்ஸில், லோடின் மேல் ஆஸிலோஸ்கோப் வைத்துப் பாருங்கள் (10× ப்ரோப்). இழப்பே இல்லையென்றால் உச்சிக்கு உச்சி 89 வோல்ட் வரும். 85 வந்தால் தாராளமாக ஏற்கலாம். 75 வந்தால் 10 வாட்ஸில் 3 வாட்ஸ் பெட்டிக்குள்ளேயே போகிறது. 3.5, 7, 14, 28 மெகாஹெர்ட்ஸ் நான்கிலும் பாருங்கள், ஒன்றில் நன்றாக இருப்பது இன்னொன்றில் படுத்துவிடும். இதெல்லாம் வீடியோவில் பதிவான பிறகு திறந்து பார்ப்பதில் தவறில்லை. சப்ளை இல்லாதபோது கெபாசிட்டர்கள் ரிலேயால் துண்டிக்கப்பட்டே இருக்கும், ஆகவே கழற்றாமலே எல்சி மீட்டரில் அளக்கலாம். ஹேர் டிரையரால் சூடுகாட்டிக்கொண்டே அளந்தால் என்பி0 அசையாது. எண் நகர ஆரம்பித்தால் எக்ஸ்7ஆர்.

பயன்படுத்தும் முறையிலும் விற்பவர் தரும் ஒற்றைத் தாள் தப்பாகவே இருக்கிறது. ‘எஸ்எஸ்பி-யில் பேசிக்கொண்டே ட்யூன் செய்யலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். எஸ்எஸ்பி என்ற குரல் மோடில் பேச்சோடு பவர் ஏறி இறங்கும், ட்யூனர் எதை நம்பித் தேடும்? சிடபிள்யூ (மோர்ஸ்) அல்லது ஏஎம் மோடில், 5 முதல் 10 வாட்ஸ் நிலையான கேரியர் கொடுங்கள். ரிக்கின் உள் ட்யூனரை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். ரிலே சத்தம் அடங்கியதும் கேரியரை நிறுத்திவிட்டுப் பிறகு பவரை ஏற்றுங்கள். முழுப் பவரில் ரிலே மாறினால் கான்டாக்ட்டில் பொறி பறக்கும்; ரிலே மேல் அச்சடித்த ‘10 ஆம்பியர் 250 வோல்ட்’ வீட்டுக் கரண்டுக்கான கணக்கு, ஆர்எஃப்-க்கு அல்ல. சில ரிக்குகள் பவரை 10-க்கு இறக்கி வைத்தாலும் கீ அழுத்திய கணத்தில் ஒரு துள்ளு துள்ளும், அதையும் மனதில் வையுங்கள். 400 ஓம்ஸ் காயில் உள்ள 12 வோல்ட் ரிலே ஒன்றுக்கு 30 மில்லிஆம்பியர் தேவை. பதினைந்தும் இழுத்தால் 450. சேர்த்துத் தரும் மெல்லிசு ஒயரிலும் மலிவு அடாப்டரிலும் வோல்டேஜ் விழுந்து திரை உறைந்து நிற்பதை ‘சாஃப்ட்வேர் பிரச்சினை’ என்று விற்பவர் சமாளிப்பார்.

‘எந்த ஆன்டெனாவுக்கும்’ என்பது சுத்தப் பொய். ஐகாம் நிறுவன ரிக்குகளின் உள் ட்யூனருக்கு 16.7 முதல் 150 ஓம்ஸ் வரைதான் எல்லை என்று நேர்மையாக அச்சடித்திருக்கிறார்கள். மேஜை மேல் இருக்கும் ட்யூனர் கோஆக்ஸுக்கு (ஆன்டெனா கேபிளுக்கு) அப்பால் எதையும் மாற்றுவதில்லை. 28 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், ஆன்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் 10 என்றால், ட்யூனர் 1.0 காட்டினாலும் 100 வாட்ஸில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது சுமார் கால் பங்குதான். மீதி கேபிளைச் சூடாக்கும்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது தளத்தின் குறைதீர் அலுவலர் பொறுப்பு. விற்பவரோடு சாட்டில் மல்லுக்கட்டாமல் அந்த அலுவலருக்கு எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சொந்த ஊரிலேயே வழக்குப் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேராக வாங்கியிருந்தால் இந்த வழியெல்லாம் அவ்வளவாக உதவாது, கார்டு கொடுத்த வங்கியில் பரிவர்த்தனையை மறுத்து எழுதிப் பார்க்கலாம்.

திருப்ப முடியாத பெட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஏழு கெபாசிட்டரையும் 1 கிலோவோல்ட் என்பி0-ஆகவும், கப்ளர் டயோடு இரண்டையும் 1என்5711-ஆகவும் மாற்றினால் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும். 470-க்கும் 1000-க்கும் ஒரே துண்டு போடாமல் இரண்டு மூன்றை இணையாகப் போடுங்கள், கரண்ட் பங்கிட்டுக்கொள்ளும். அதன் பிறகும் எஸ்எஸ்பி, சிடபிள்யூ-க்கு 100 வாட்ஸ் போகலாம். தொடர்ந்து கேரியர் ஓடும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோடில் 40-ஐத் தாண்டாதீர்கள். நுனியில் ஊட்டும் அரை அலைநீள ஒயருக்கு ஓம்ஸை 49-இல் ஒரு பங்காக்கும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகே இதை மாட்டுங்கள்.