பாண்டியில் ஒரு 'மெமரி பேக்கேஜ்' எம்.ஆர்.ஐ.: எது உருப்படி, எது வெறும் கலர்

பாண்டியில் ஒரு ஸ்கேன் சென்டர் மறதிக்கென்றே தனி பேக்கேஜ் போட்டிருக்கிறது. கடலூரிலிருந்தும் பெரியவர்களை பஸ் ஏற்றிக் கூட்டி வருகிறார்கள்.

மிஷினின் காந்த பலம் 3 டெஸ்லா, குறை சொல்ல முடியாது. கொடுக்கிற காசுக்கு மதிப்பு, மூளையின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும் படத் தொகுப்பான டி-1 முப்பரிமாண வரிசையில்தான். 1 மி.மீ. கனத்தில் எடுத்து, நினைவைக் கவனிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்காக வெட்டி ஃபிலிமில் போடுகிறார்கள். சாதாரண பிரெயின் எம்.ஆர்.ஐ. என்றால் 5 மி.மீ. கனத்தில் கிடைவெட்டாக எடுத்து 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே ஹிப்போகேம்பஸ் பக்கம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லும் ஷெல்டன்ஸ் மதிப்பெண் (0 முதல் 4) இடது வலது தனித்தனியாக வருகிறது. 75 வயதுக்குள் 2 வந்தாலே கவனிக்கணும். 75ஐத் தாண்டியவர்களுக்கு 3. நுண்ணிய ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ.யும் சேர்த்தி.

வாசல் போர்டுதான் உதைக்கிறது: 'அல்சைமர் புரதத்தையே காட்டும்'. காட்டாது. அல்சைமரில் மூளையில் சேரும் புரதங்களான அமிலாய்டோ டௌவோ எம்.ஆர்.ஐ.யில் நேராகத் தெரியாது. அதற்குக் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன், அதிலும் தனித்தனி மருந்து: அமிலாய்டுக்கு ஃப்ளோர்பெட்டாபிர், டௌவுக்கு ஃப்ளோர்டௌசிபிர். வழக்கமான எஃப்.டி.ஜி. பெட், மூளை எங்கே குளுக்கோஸைக் குறைவாகச் செலவழிக்கிறது என்று மட்டும் சொல்லும். மூன்று மருந்திலும் இருப்பது ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள். 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். சென்னையிலிருந்து ரோட்டில் 3 மணி நேரம் வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். இங்கே 10 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) ஊசி போட, அங்கே 30க்கு மேல் ஏற்றி அனுப்பணும்.

கடைசிப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாகக் 'கனெக்டிவிட்டி மேப்'. 6 நிமிடம் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகளின் இயக்கம் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்ற கணக்கு அது. மூளையின் பின்பக்க நடுப்பகுதிகளான பின் சிங்குலேட், பிரிகூனியஸ் அடங்கிய டிஃபால்ட் மோட் நெட்வொர்க் (சும்மா இருக்கும்போது சேர்ந்து இயங்கும் பகுதிகள்) அல்சைமரில் தளர்வது ஆய்வுகளின் சராசரியில் உண்மைதான். அமிலாய்டு சீக்கிரமே படிகிற இடங்களும் அவையே. ஆனால் ஒருத்தருடைய மேப்பை வைத்து நோயை முடிவு பண்ண முடியாது. தலை அரை மி.மீ. ஆடினாலே தூரத்துத் தொடர்பு குறைந்தும் பக்கத்துத் தொடர்பு கூடியும் தெரியும். தூங்கிவிட்டாலும் கணக்கு மாறும். காதோரம் ஒற்றை ஸ்பாஞ்சை மட்டும் செருகிவிட்டு, 'கண்ணைத் திறந்தே வைங்க தாத்தா' என்றுகூடச் சொல்வதில்லை. அசைவு எத்தனை மி.மீ. என்று ரிப்போர்ட்டிலும் கிடையாது. 'தொடர்பு குறைவு' என்று மட்டும் அடித்திருக்கிறது. வீட்டில் பயத்தைக் கிளப்ப அது போதும்.

மேப் இல்லாமல் புக் பண்ணச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள், கட்டணமும் குறைகிறது. காலை ஸ்லாட் கேளுங்கள். காது மிஷினையும் பல்செட்டையும் வீட்டாரே கழற்றி வாங்கி வைப்பது நல்லது. சி.டி.யைக் கையில் வாங்கியதும் ரிசப்ஷனிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: டி-1 முப்பரிமாண வரிசையில் 150 படத்துக்கு மேல் இருக்கணும். இருபத்துச் சொச்சம்தான் என்றால் ஏற்றியிருப்பது வேறு வரிசை.