நெபுலைசரா, ஸ்பேசரா? இரண்டையும் வாங்கிய வீட்டிலிருந்து

பெரியவளுக்கு மூன்று வயதில் வீசிங் ஆரம்பித்தது. சளி பிடித்தால் போதும், இரண்டாம் நாள் ராத்திரி இழுக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடிப் புகை வைத்து அலுத்துப்போய், முதலில் திரவ மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் மெஷின் வாங்கினோம். அடுத்த வருடம் டாக்டர் சொல்லி இன்ஹேலர், அதன் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசர், மாஸ்க். இப்போது கை தானாகப் போவது ஸ்பேசர் பக்கம்தான். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைக்க வேண்டாம்.

விலை, எடை எல்லாம் பார்த்தாலே தெரியும். மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்பேசருக்கு ஆனது. கைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை.

‘மெஷின்தான் பவர், இன்ஹேலர் சும்மா’ என்று பலர் நினைக்கிறார்கள். மிதமான இழுப்புக்கு, சரியாகக் கொடுத்தால், இரண்டும் ஒரே அளவு கேட்கும். நெபுலைசரில் ஒரு தடவைக்கு ஊற்றும் சால்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) பொதுவாக 2.5 மில்லிகிராம், இன்ஹேலரில் ஒரு பஃப், அதாவது ஒரு அமுக்கு, 100 மைக்ரோகிராம்தான். ஏனென்றால் மெஷினில் மருந்தின் பெரும்பகுதி புகையாக வெளியே போயும் கப்பில் தங்கியும் வீணாகிவிடும். நெபுலைசர் வைத்த பிறகு இவளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஸ்பேசரில் அது குறைவு.

மாமியாருக்கு மட்டும் இன்றுவரை திருப்தியில்லை. மெஷின் சத்தம் போடுகிறது, புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்பேசரில் ‘புஸ்’ என்ற ஒரு சத்தத்தோடு சரி. “இன்ஹேலர் வெச்சா பழகிடும்மா” என்பார். இரண்டிலும் போவது ஒரே மருந்து அத்தை என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறு ஒன்று: கழுவுவது. நெபுலைசர் கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை தோளில் தூங்கிய பிறகு யார் கழுவுவது? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவேன். ஒருநாள் அப்படியே மறந்து, மறுநாள் சாயங்காலம் திறந்தால் கப்பின் அடியில் பிசுபிசுவென்று ஒரு படலம், ஒரு புளித்த வாடை. ஈரத்தில் கிருமி வளரும். அதையே புகையாக்கி நெஞ்சுக்குள் அனுப்பியிருப்பேன். அன்றைக்கே மனசு விட்டுப்போனது. ஃபில்டர் மாற்றுவது, குழாய்க்குள் ஈரம் தங்காமல் பார்ப்பது எல்லாம் அதற்கு மேல்.

ஸ்பேசருக்கு மாதம் ஒரு தடவை போதும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக் காற்றில் உலர விட வேண்டும். துணியால் துடைக்கவே கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து நெஞ்சுக்குப் போகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் முதல் இரண்டு மாதம் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

ஆனால் கொடுக்கும் விதம் பிசகினால் ஸ்பேசர் வீண். இன்ஹேலரைக் குலுக்கி, மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூடியபின் ஒரு பஃப். ஐந்தாறு மூச்சு எண்ண வேண்டும். அரை நிமிடம் விட்டு, திரும்பக் குலுக்கி அடுத்தது. நாலு பஃப்பையும் ஒரேயடியாக அமுக்கக் கூடாது. அழுதுகொண்டே இருக்கும் பிள்ளைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. இவளுக்கு ‘யானைத் தும்பிக்கை’ என்று விளையாட்டுக் காட்டி நாலு நாளில் பழக்கினேன். இழுப்பு வராமல் தடுக்கக் கொடுக்கும் புடெசோனைடு மாதிரி மருந்து என்றால் கொடுத்தபின் வாய் கொப்பளித்து, முகத்தையும் துடைத்துவிட வேண்டும்.

கைக்குழந்தைக்கு நான் கொடுத்துப் பார்த்ததில்லை. பேட்டரியில் ஓடும் மெஷ் நெபுலைசரைக் கையில் பிடித்ததுகூட இல்லை. அது நான் சொன்ன பாதிக் குறையைத் தீர்க்கலாம். ஸ்பேசரை எப்படியும் வைக்க விடாத பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்டு மெஷின் பக்கமே போகலாம். எத்தனை பஃப், எத்தனை மணிக்கொரு தடவை என்பதும் அவர் எழுதிக் கொடுப்பதுதான். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, பேச்சு வராமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ எந்தக் கருவியையும் நம்பி வீட்டில் உட்காராதீர்கள். ஆக்ஸிஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்.

ஸ்பேசர் பக்கம் எனக்கு ஒரே ஒரு புகார். எங்கள் இன்ஹேலரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் எண் கிடையாது. 200 பஃப்பில் மருந்து தீர்ந்த பிறகும் ‘புஸ்’ என்று காற்று வரும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் பஃப் கணக்குக்கும் கோடு போட்டு வருகிறேன். இன்றைக்கு 163.