'இனிப்பு ஆசையை அடக்கும்' புரதப் பவுடர்: 490 சிங்கப்பூர் வெள்ளி போனது, நீங்களாவது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஈசூன், செம்பவாங் பக்கம் இருப்பவர்கள், அதிலும் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். 'இனிப்பு ஆசையை அடக்கும் புரதப் பவுடர்' என்று ஒரு கூட்டம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் வீடு தேடி வந்து விற்கிறது. பேசுவது நல்ல தமிழ், வாய்க்கு வாய் 'அம்மா அம்மா' என்று அப்படி ஒரு பாசம், அதனால்தான் என் அம்மா கதவைத் திறந்து உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கடைசியில் 6 டப்பாவுக்கு 490 வெள்ளியும் கொடுத்துவிட்டார். நான் அப்போது வேலையில்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வாய் எதையாவது இனிப்பாகத் தேடும். ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்), கூடவே ஒரு துண்டு குவே (மலாய்ப் பலகாரம்), தீபாவளி நேரம் என்றால் தேக்காவில் வாங்கிய ஜாங்கிரி. வந்த பெண் அதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "இனிப்பு தேடுதுன்னா உடம்புல புரதம் பத்தலைன்னு அர்த்தம்மா, காலைல ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, ரெண்டே வாரத்துல அந்த ஆசையே போயிடும், மாத்திரையக்கூடக் குறைச்சிடலாம்" என்றாராம். கடைசியில் சொன்னது இருக்கிறதே, அது அவர் கொடுத்த விளம்பரத் தாளில் எங்கேயும் இல்லை. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது, அது அவர்களுக்கும் தெரியும், அதனால் அச்சில் அமைதி, வாயில் மட்டும் எல்லாம்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, இதில் பாதி உண்மை என்பதுதான். புரதம் சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு அதிக நேரம் நிற்கும். பசியைத் தூண்டும் கிரெலின் குறையும், போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் மாதிரியான ஹார்மோன்கள் கூடும். விளம்பரத் தாளில் பெரிதாக ஒரு ஆய்வைப் போட்டிருக்கிறார்கள், 2011இல் வந்த நிஜமான ஆய்வுதான், தேடிப் படித்தேன். எடை கூடிய 27 ஆண்களுக்கு அளவான சாப்பாடு கொடுத்துப் பார்த்தது. புரதம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு நாள் முழுக்க சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருப்பதும், ராத்திரி நேரத்தில் எதையாவது கொறிக்கத் தோன்றுவதும் குறைந்திருக்கிறது. இதில் எங்கே ஜாங்கிரி வந்தது, எங்கே சர்க்கரை நோய் உள்ள வயதான பெண்மணி வந்தார்? பசியால் வருகிற இனிப்பு ஆசைக்குப் புரதம் உதவும், சரி. மூன்று மணி ஆனால் தே குடித்தே பழகிய நாக்குக்கும், தூக்கம் கெட்ட நாளில் வருகிற ஆசைக்கும் பவுடர் என்ன செய்யும்?

அப்புறம் டப்பாவுக்கு வருகிறேன். முன்பக்கம் 'உயர் புரதம்', 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. பின்பக்கம் பொடி எழுத்தில், ஒரு கரண்டி 35 கிராம், அதில் புரதம் 6 கிராம், மாவுச்சத்து 24 கிராம். 6 கிராம் என்பது ஒரு முட்டை! சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும், அங்கே முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். பெயரைப் பார்த்து மருந்தோ என்று நினைக்க வேண்டாம், மாவை உடைத்துச் செய்யும் பவுடர், இனிப்பே தெரியாது, ஆனால் உள்ளே போனதும் வேகமாகக் குளுக்கோஸ் ஆகிவிடும். லேபிளில் 'சர்க்கரை' வரிசையில் அதைக் காட்ட மாட்டார்கள், மாவுச்சத்துக் கணக்கில் போய்விடும். டப்பாவுக்கு 14 கரண்டி. கணக்குப் போட்டால் ஒரு கரண்டி கிட்டத்தட்ட 6 வெள்ளி, அதாவது ஒரு முட்டைப் புரதத்துக்கு 6 வெள்ளி. அந்தக் காசுக்கு முட்டையே நிறைய வாங்கலாம்.

இந்தப் பவுடரைக் குடிக்க ஆரம்பித்த பிறகு அம்மாவின் விரல்நுனிச் சோதனையில் சர்க்கரை அளவு ஏறியது. அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "உடம்பு பழகுதும்மா, இன்னும் ஒரு கரண்டி கூட்டுங்க" என்று பதில். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பலதுறை மருந்தகத்தில் உணவியல் நிபுணரிடம் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம், அவர் பின்பக்கத்தைப் பார்த்த வேகத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பிரச்சினையும் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நல்ல புரதத்தைக்கூடக் கூட்டக் கூடாது என்றும் சொன்னார். விற்க வந்தவர் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம், திறக்காததற்கு வேண்டுமானால் வேறு பொருள் தருகிறோம் என்கிறார்கள். கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றதை 5 நாளுக்குள் ரத்து செய்யலாம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை அதில் சேராது, அப்படி ஓர் உரிமை இருப்பதை விற்பவரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு அப்படி எந்தத் தாளும் வரவில்லை. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தோம், அவர்கள் எழுதியும் நிறுவனம் அசையவில்லை, அதனால் இப்போது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிந்திருக்கிறேன். வழக்கறிஞர் தேவையில்லை, 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, இணையத்திலேயே பதியலாம், ஆனால் 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது காலையில் தோசையோடு ஒரு முட்டை, மத்தியானம் கெட்டிப் பருப்பு அல்லது தௌ குவா (கெட்டியான சோயாக் கட்டி), நாலு மணிக்கு வேகவைத்த கொண்டைக்கடலை (100 கிராமில் 9 கிராம் அளவுக்குப் புரதம்). தே இன்னும் குடிக்கிறார், 'சியூ தாய்' (சீனி குறைவாக) என்று சொல்லி வாங்குகிறார். ஜாங்கிரியை விட்டபாடில்லை.

அதே பெண் இப்போது பக்கத்து புளோக்கில் சுற்றுவதாகக் கீழ்வீட்டு அக்கா சொல்கிறார். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரசீது, பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பிய) பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், மாத்திரையைக் குறைக்கச் சொன்ன குரல்பதிவு யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், விசாரணைக்குத் தேவைப்படும்.