ஆர்ஸ்டெட்டா, பிபியா: சொன்னதைச் செய்தது யார்?

மும்பையில் செம்பூர்ப் பக்கம் மாகுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே குடியிருக்கும் நம்மவர்களுக்கு, எண்ணெய் கம்பெனி "பசுமைக்கு மாறுகிறோம்" என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒன்றில்லை.

டென்மார்க்கின் ஆர்ஸ்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு டாங் எனர்ஜி என்று பெயர், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான் பிழைப்பு. 2017-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை இனியோஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, கடலில் காற்றாலை நடுவதையே முக்கியத் தொழிலாக்கியது. 2024-இல் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடியாயிற்று. சுலபமாக நடக்கவில்லை: 2023-இல் நியூ ஜெர்சி கடல் காற்றாலைத் திட்டங்களைக் கைவிட்டதில் பெரிய நஷ்டம், பங்குதாரர்கள் பாடு திண்டாட்டம்.

பிரிட்டனின் எண்ணெய் கம்பெனி பிபி? எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030-க்குள் 40% குறைப்போம் என்று 2020-இல் சொன்னார்கள். 2023-இல் அது 25% ஆனது. 2025-இல் அதையும் விட்டுவிட்டு எண்ணெய், எரிவாயுவுக்கே கூடுதல் முதலீடு. உக்ரைன் போர் வந்தது, விலை ஏறியது, முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள், எல்லாம் சரி, ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்வதற்குப் பெயர் திட்டமா?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஆர்ஸ்டெட்டின் பெரும்பான்மைப் பங்கு டென்மார்க் அரசின் கையில், பிபிக்கு அந்த முட்டு இல்லை. அப்படியும் என் ஓட்டு ஆர்ஸ்டெட்டுக்குத்தான் (பங்கு வாங்கச் சொல்லவில்லை, அது வேறு கதை).