அஞ்சு பவுண்டு எடைக்குள் ஒரு .22 ரைபிள்: ரேஞ்சுக்கு எது, அணில் காட்டுக்கு எது?

"ஒரே ரைபிள் போதும். சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகணும், அக்டோபரில் முயலுக்கும் அணிலுக்கும் தூக்கிக்கொண்டு போகணும். என்ன வாங்கலாம்?" அமெரிக்காவில், மிச்சிகனில் ஹண்டர் சேஃப்டி வகுப்பை முடித்த கையோடு நம் ஆட்கள் கேட்கிற கேள்வி இது. இதையே கடையில் கேட்டால், கேட்டு முடிக்கும் முன்பே ரூகர் கம்பெனியின் 10/22 என்ற செமி-ஆட்டோ ரைபிள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார்கள். அது தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில்தான். படுத்துக்கொண்டு சுடுகிறவனுக்குக் கொஞ்சம் எடை இருந்தால் நல்லது. காட்டில் மூன்று மணி நேரம் நடக்கிறவனுக்கு ஒவ்வொரு அவுன்ஸும் கணக்கு.

அணில் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமர் முதுகைத் தடவிக்கொடுத்த மூன்று கோட்டு அணில் இல்லை இது. இங்கே ஓக் மரங்களில் திரியும் நரி அணில் செம்பழுப்பு நிறம், முதுகில் கோடு கிடையாது, நம்மூர் அணிலைப் போல ஐந்தாறு மடங்கு உடம்பு. செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை சீசன், நாளுக்கு ஐந்து. முயலுக்கும் அதே தேதி, அதே ஐந்து. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம் என்பதால், இங்கே வந்த பிறகுதான் பலர் முதல் தடவை காட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைகிறோம். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தால் முயலுக்குச் சளைத்ததில்லை.

கல்லூரியில் என்சிசியில் இருந்தவர்களுக்கு .22, அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடும் ரைபிள், பழைய சிநேகிதன். 25 கெஜத்தில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது குழாயின் பின்வாயை மூடும் இரும்புத்தண்டை, திறந்து மூடி, ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு, எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று குரூப்பிங் பார்த்திருப்பீர்கள். 22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது. 40 கிரெயின் எடையுள்ள சின்ன ஈயக்குண்டு. பற்றவைக்கிற மருந்து கூட்டின் நடுவில் தனி மூடியாக இல்லாமல், அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான்.

செமி-ஆட்டோவில் போல்ட்டை நாம் தொட வேண்டாம். குண்டு வெளியே போகிற அதே வேகத்தின் எதிர்த்தள்ளல் போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வீசிவிட்டு, அடுத்ததை ஏற்றிவிடும். இதற்கு எந்தப் பூட்டும் இல்லை. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். ஆகவே இந்த ரைபிள்களுக்குச் சாப்பாட்டில் பிடித்தது, பிடிக்காதது உண்டு. நொடிக்கு 1,235 அடி போகும் சிசிஐ மினி-மேக் மாதிரித் தோட்டாவை எல்லாமே விழுங்கும். 1,070 அடியில் போகிற மெதுவான தோட்டாவில் சில ரைபிள் பாதியில் திக்கும். விலை மலிவு என்று நான் ஒருமுறை ஐந்நூறு ரவுண்டு மொத்தப் பெட்டி வாங்கினேன். முதல் நூறில் ஏழு 'டிக்' என்றதோடு சரி. வெடிக்காத தோட்டா என்றால் குழாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது நொடி காத்திருந்துவிட்டுத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும். ஏழு தடவை முப்பது நொடி. பக்கத்து மேஜைக்காரர் தன் பொருளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சரி, ரூகருக்கு வருவோம். 1964-இல் இருந்து தயாராகிறது. அறுபது ஆண்டுகளாக ஒரே அடிப்படை வடிவம். சாதாரண கார்பைன் ஐந்து பவுண்டு, குழாய் பதினெட்டரை அங்குலம். இதன் உயிர், தோட்டாக்களை அடைத்து வைக்கிற மேகசினில் இருக்கிறது. பத்து ரவுண்டும் ஒரு சக்கரத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கும், வெளியே துருத்தாமல் அடிக்கட்டையோடு சமமாக நின்றுவிடும். ரைபிளின் நடுப்பகுதியை உள்ளங்கையில் தாங்கி நடக்கும்போது இதன் அருமை தெரியும். கையில் ஒன்றும் குத்தாது. 25 ரவுண்டு வளைந்த மேகசினும் அதே கம்பெனி விற்கிறது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் படுத்துச் சுடும்போது தரையில் முட்டும், காட்டில் புதரில் மாட்டும். பத்தே போதும்.

குறைகள்? டிரிகர் கனம். தொழிற்சாலையிலிருந்து வருவது ஐந்தாறு பவுண்டு இழுக்கும், அதாவது ரைபிளின் எடையைவிட அதிகமாக ஒற்றை விரலில் இழுக்கிறோம். புதிதாகப் பழகுகிறவர் குண்டுகள் எல்லாம் வலது கீழே போய் விழுவதற்குப் பாதி காரணம் இதுதான். பிஎக்ஸ் டிரிகர் என்று இரண்டே முக்கால் பவுண்டு மட்டும் இழுக்கும் ஒன்றை ரூகரே தனியாக விற்கிறது. இரண்டு பின்களைத் தட்டிக் கழற்றினால் பத்து நிமிட வேலை. இரண்டாவது, கடைசி ரவுண்டு போனபின் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. காலியா இல்லையா என்பது அடுத்த 'டிக்'கில்தான் தெரியும். மூன்றாவது, வழக்கமான மாடல்களில் பின்பக்கம் துளை இல்லாததால் குழாயை வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பயிற்சி என்றால் இன்னமும் இதற்குத்தான் என் ஓட்டு. அமெரிக்கா முழுக்க ஆப்பிள்சீட் என்ற பெயரில் இரண்டு நாள் ரைபிள் பயிற்சி நடக்கிறது. 25 மீட்டரில் சின்னதாக்கப்பட்ட இலக்குகள், நின்று, உட்கார்ந்து, படுத்து நாற்பது ரவுண்டு. 250-க்கு 210 எடுத்தால் 'ரைஃபிள்மேன்' என்று ஒரு துணிப்பட்டை தருவார்கள். அந்தச் சோதனையின் நடுவில் நேரக் கெடுவுக்குள் மேகசின் மாற்ற வேண்டிய கட்டங்கள் உண்டு. இரண்டு ரவுண்டு ஒரு மேகசினில், எட்டு இன்னொன்றில். அங்கே வரிசையில் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் அதிகம் கண்ணில் படுவது 10/22-தான். உங்கள் மேகசின் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதை நீட்டுவார்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் மார்லின் மாடல் 60-ஐ எதிரில் நிறுத்தி ஒப்பிடுவார்கள். 1960-இல் வந்து, ஒரு கோடிக்கு மேல் விற்றுப்போன ரைபிள். குழாய்க்கு அடியிலேயே இன்னொரு குழாய் மேகசின், 14 ரவுண்டு. குறி சுத்தம், பெரும்பாலும் பெட்டியிலிருந்து எடுத்த 10/22-ஐவிட நன்றாகவே அடிக்கும். 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கியது. அதன் பிறகு மாடல் 60 திரும்ப வரவில்லை. தன் 10/22-க்கே போட்டியாக ஒன்றை எதற்குச் செய்யப்போகிறார்கள்! பழையது நல்ல நிலையில் கிடைத்தால் அணிலுக்கு அருமையான துணை. பயிற்சிக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவை நிரப்பவும் குழாய் வாய்க்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பழகத் தொடங்குகிற கைக்கு நல்ல வழக்கம் இல்லை அது.

இப்போது உண்மையான போட்டி வின்செஸ்டர் வைல்ட்கேட். துருக்கியில் தயாராகி இங்கே வருகிறது. எடை நாலு பவுண்டு. கையில் எடுத்த எல்லோரும் ஒரு நொடி நின்று, "பொம்மையா?" என்று பார்ப்பார்கள். அடிக்கட்டை முழுக்க பிளாஸ்டிக், பின்பாதியில் பெரிய ஓட்டை. வேலைப்பாட்டில் அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடிவமைத்தவர் 10/22 வைத்திருந்து அலுத்துப்போன ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கடைசி ரவுண்டுக்குப் பிறகு போல்ட் திறந்தே நிற்கும். பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரிகரும் போல்ட்டும் சேர்ந்த முழு அமைப்பும் டிபன் பாக்ஸ் அடுக்கு மாதிரிக் கீழே கழன்று கைக்கு வந்துவிடும். பின்பக்கத் துளை வழியாகக் குழாயைச் சரியான திசையில் துடைக்கலாம். முக்கியமான விஷயம், ரூகர் 10/22-இன் மேகசின்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஏற்கனவே 10/22 இருக்கிற வீட்டில் இரண்டாவதாக இதை வாங்குகிறவருக்கு ஒரு மேகசின்கூடப் புதிதாக வாங்க வேண்டாம்.

போன நவம்பரில் ஒரு காலை. ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். விரல் விறைத்துப் போயிருந்தது. காய்ந்த இலையில் சரசர என்று சத்தம் கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் ஒன்று அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நின்றது, முப்பது கெஜம் இருக்கும். முழங்காலில் தாங்கியிருந்த நாலு பவுண்டு ரைபிளைச் சத்தமில்லாமல் இடது பக்கம் திருப்ப முடிந்தது. ஆனால் குறி பார்க்கும்போது முள் அந்த அணிலின் தலையைச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தது; மூச்சு விட்டால் ஆட்டம், நெஞ்சு துடித்தால் ஆட்டம். ஐந்து பவுண்டு ரூகராக இருந்திருந்தால் இவ்வளவு ஆடியிருக்காது. லேசான ரைபிளுக்கு நாம் கொடுக்கிற விலை இதுதான். நின்று சுடும் பயிற்சியில் இன்னும் மோசம். முக்கால் பவுண்டு எடையில் ஒரு சின்ன ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போட்டால் நிதானம் கொஞ்சம் வரும். ஆனால் அப்புறம் லேசு என்று வாங்கியதற்கு என்ன அர்த்தம்?

கிளையில் இருந்திருந்தால் நான் சுட்டிருக்கவே மாட்டேன். .22 குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். பின்னால் அடிமரமோ மண்மேடோ இல்லாமல் வானத்தை நோக்கிச் சுட்டால், அந்தக் குண்டு யார் வீட்டுக் கூரையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி 15-22 வேறு ஜாதி. ராணுவ ரைபிள் சாயலில் இருக்கும் ஏஆர்-15-இன் உருவத்தை அப்படியே .22-க்கு இறக்கியது, மேலும் கீழும் பிளாஸ்டிக், சுமார் ஐந்து பவுண்டு. சேஃப்டி கட்டைவிரலுக்கு நேராக வரும், மேகசின் பொத்தான் ஆள்காட்டி விரலுக்கு. நிரப்புவது சுலபம், பக்கவாட்டில் உள்ள குமிழை இழுத்துப் பிடித்தால் ரவுண்டுகள் மளமளவென்று உள்ளே போகும். தோளில் முட்டுக்கொடுக்கும் ஸ்டாக்கை நீட்டிச் சுருக்கலாம் என்பதால் பன்னிரண்டு வயது மகளும் ஆறடி அப்பாவும் ஒரே ரைபிளில் பழகலாம். இந்த ஒரு காரணத்துக்காக இதை வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும், குறை சொன்னதில்லை. காட்டுக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியும் மேகசினும் தோளில் தொங்கும்போது இடுப்பில் இடித்துக்கொண்டே வரும். மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சி, நியூ யார்க், கலிபோர்னியாவில் பத்து ரவுண்டுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்குத் தடை, அதுபோக இந்த உருவத்துக்கென்றே தனி விதி வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு.

சாவேஜ் ஏ22-ஐ இரண்டு வரியில் முடித்துவிடலாம். இந்தக் கூட்டத்தில் சிறந்த டிரிகர் இதில்தான், வேண்டிய அளவுக்கு நாமே இறுக்கித் தளர்த்திக்கொள்ளலாம். குழாய் நீளம், எடை ஐந்தரையைத் தாண்டும், மேகசின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மேஜையில் வைத்துச் சுடுகிறவருக்கு.

இன்னும் லேசாக வேண்டும் என்பவர்கள் ஹென்றி ஏஆர்-7 பற்றிக் கேட்பார்கள். மூன்றரை பவுண்டு, பிரித்தால் மொத்தமும் அதன் ஸ்டாக்குக்குள்ளேயே அடங்கி, தண்ணீரில் போட்டால் மிதக்கும். விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்டவருக்காகச் செய்த பொருள், அந்த ஆளுக்கு அருமையாக உதவும். சனிக்கிழமை இருநூறு ரவுண்டு சுட உட்கார்ந்தால் கன்னம் வைக்க இடமில்லாமல் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

என் கணக்கு இது. மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போய், வருஷத்தில் நாலு நாள் காட்டுக்குப் போகிறவர் 10/22 வாங்கி, மிச்சக் காசில் டிரிகரை மாற்றி, ஒரு நல்ல தோள்வாரும் போடட்டும். இருக்கிற காசில் ஒரே ஒரு சாமான்தான் என்றால் வாரைத்தான் சொல்வேன். முழங்கைக்கு மேல் இறுக்கிக்கட்டிப் படுத்துப் பாருங்கள், ஸ்கோப் கொடுக்காத நிதானத்தை அது கொடுக்கும். நடைதான் பிரதானம், சுடுவது சும்மா என்கிறவருக்கு வைல்ட்கேட். வீட்டில் வெவ்வேறு உயரத்தில் மூன்று பேர் பழகப்போகிறார்கள் என்றால் 15-22.

கடைக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதோ வைத்திருப்பதோ மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த லைசென்ஸ் காலாவதியாகும் தேதியை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் மாதிரி மறந்துவிட்டுப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை. குழந்தைகள் இருக்கிற வீடென்றால் பூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் ரவுண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கிக்கே பூட்டு மாட்டி வைக்க வேண்டும் என்பது மிச்சிகனில் 2024 பிப்ரவரியிலிருந்து சட்டம். பூட்டுப்பெட்டி விலையையும் ரைபிள் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் முதல் நாளே ஒரே தோட்டாவில் ஆயிரம் வாங்கிவிடாதீர்கள். நாலு வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்கி, 25 கெஜத்தில் மணல்மூட்டையில் தாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ரவுண்டு ஐந்து தடவை சுட்டு, காகிதங்களின் மேல் பெயரெழுதி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என் 10/22-க்குப் பிடித்த தோட்டா வைல்ட்கேட்டில் ஒரு அங்குலத்துக்குப் பரப்பியது. வைல்ட்கேட்டுக்குப் பிடித்தது, நான் திட்டிக்கொண்டே மூலையில் போட்டிருந்த அந்த மொத்தப் பெட்டி.