வகுப்பு, கைபேசி, பேச்சுத்துணை: கொழும்பில் ஆங்கிலம் கதைத்துப் பழக எது நல்லது?

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தரத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஆங்கிலம் படிக்கிறோம். பிறகு வேலைக்கென்று கொழும்புக்கு வந்து, வங்கிக் கவுன்டரில் ஒரு சின்ன விஷயம் கேட்க வாய் வராமல் நிற்கிறோம். இலக்கணம் தெரியாது என்று சொல்ல முடியாது. வினாத்தாளில் இடைவெளி நிரப்பச் சொன்னால் பெரும்பாலானோர் ஒழுங்காக நிரப்பிவிடுவார்கள். எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போதுதான் படித்த இலக்கணம் கைகொடுக்காமல் போகிறது. படித்ததை வாய்க்குக் கொண்டுவர இந்த நகரத்தில் கிடைக்கிற வழிகள்: காசு கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகலாம். கைபேசியில் ஆப் வைத்துப் பழகலாம். வெளிநாட்டுச் சொந்தக்காரரோடு வாட்ஸ்அப்பில் கதைக்கலாம். அல்லது நம்மைப் போலவே பழக நினைக்கும் ஒருவரைத் துணையாகப் பிடித்துக்கொள்ளலாம்.

நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழி. இன்னும் அதில்தான் இருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வகுப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியில் இறங்கி எந்தக் குறுக்கு ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரு விளம்பரப் பலகை கண்ணில் படும். அடிப்படையே ஆட்டம் காண்கிறவர்களுக்கு வகுப்பைப் போல வேறொன்று இல்லை. எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்ற ஒழுங்கு அங்கே கிடைக்கிறது, கேள்வி கேட்க ஒரு சேரோ மிஸ்ஸோ இருக்கிறார். பிரச்சினை நேரம். நாற்பது பேர் இருக்கும் மண்டபத்தில் இரண்டு மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் முழு நேரத்தையும் பிரித்துக் கொடுத்தால்கூட ஆளுக்கு மூன்று நிமிடம்தான் வரும். நடைமுறையில் அதுவும் வராது. முன்வரிசையில் இருக்கிற நாலைந்து பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற இடங்களில் நிலை பார்த்துத்தான் வகுப்புக்குச் சேர்க்கிறார்கள், கதைக்கவும் வைக்கிறார்கள். கையில் காசும் மாலையில் நேரமும் இருந்தால் அது நல்ல வழி. என் சம்பளத்துக்கு அது எட்டவில்லை.

கைபேசி ஆப்களில் சொல் பெருகும், காதும் பழகும். 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டே பத்து நிமிடம் செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் திரையில் கலைந்து கிடக்கும் சொற்களை விரலால் அடுக்கி ஒரு வசனம் ஆக்குவது வேறு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அதே வசனத்தை வாயால் ஆக்குவது வேறு. இப்போது வந்திருக்கும், குரலில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு ஆப்கள் இந்தக் குறையைப் பாதி தீர்த்துவிட்டன. அவற்றை நான் தொடர்ந்து பாவித்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பாவித்த அளவில் கண்டது, நாம் எப்படிச் சிதைத்துச் சொன்னாலும் அது பொருளை ஊகித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. பிழை திருத்து என்று கேட்டால் திருத்துகிறது. ஆனால் ஒரே மூச்சில் ஏழெட்டுத் திருத்தம் வந்தால் எதை மனதில் வைப்பது?

வெளிநாட்டுச் சொந்தம் நம் ஆட்களுக்கே உரிய வசதி. டொரொண்டோவில் ஒரு மச்சாளோ இலண்டனில் ஒரு பெரியப்பா மகனோ இல்லாத குடும்பம் குறைவு. இங்கே இரவு எட்டு மணி என்றால் டொரொண்டோவில் கோடைகாலத்தில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அவர்களுக்கு வேலை நேரம். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தாலும், ஆங்கிலத்தில் தொடங்கிய கதை அம்மாவின் பிரஷர் மருந்துக்கு வந்ததும் தமிழுக்கு மாறிவிடும். அவர்களுக்கு நம் தமிழ் விளங்குகிறதே, பிறகு யார் கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் சொல்வது? அங்கே பிறந்த பிள்ளைகளோடு கதைப்பது கொஞ்சம் மேல். ஆனால் பிழையைக் கேட்டும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் நிறுக்கிறேன். வாயிலிருந்து வரும் பிழையை யார் பிடிக்கிறார்கள், பிடித்தபின் என்ன நடக்கிறது? கட்டணம், தூரம், நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1997இல் ராய் லிஸ்டர், லைலா ராந்தா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கனடாவில், பிரெஞ்சு மொழி மூலமே பாடங்களைப் படிக்கும் ஆரம்பப் பள்ளி வகுப்புகளில் பிழைத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் ஒரே வகை. பிள்ளை பிழையாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகச் சொல்லிவிட்டு அப்படியே தொடர்ந்து போவது. அந்த வகைக்குப் பிள்ளைகள் ஏதாவது பதில் காட்டியது 31 சதவீதம் தடவைதான். மற்ற நேரங்களில் திருத்தம் காதைத் தாண்டிப் போய்விட்டது. சரியான வடிவத்தை ஆசிரியர் தானே சொல்லாமல், பிள்ளையின் வாயிலிருந்தே வரவைக்கப் பார்த்தபோது, ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஏதோ ஒரு விதத்தில் பதில் கொடுத்தது. அந்தப் பதில் எல்லா முறையும் சரியாக வரவில்லை. ஆனாலும் பிழை நடந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, தானே யோசிக்கத் தொடங்கிவிட்டது. அவை சிறுபிள்ளைகள், படித்தது பிரெஞ்சு. வளர்ந்தவர்களுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் மேசையில் காண்பது இதைத்தான்.

நாங்கள் என்பது நானும், எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சிங்களப் பெண்ணும். அவள் குருநாகல் பக்கம், நான் மட்டக்களப்பு. அவள் என்னை அக்கா என்கிறாள், நான் அவளை நங்கி என்கிறேன், சிங்களத்தில் தங்கச்சி. அவளுக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் பஸ் கொண்டக்டரோடும் மரக்கறிக் கடையிலும் சமாளிக்கிற அளவு. வேலை முடிந்து விகாரமகாதேவிப் பூங்காவில், பொது நூலகத்துக்கு எதிர்ப் பக்கமாக ஒரு வாங்கில் உட்காருவோம். மழை என்றால் தேநீர்க் கடை, ஆளுக்கு ஒரு பிளேன்ரீ.

விதி ஒன்றுதான். பிழை கேட்டால் பேனையால் ஒரு தட்டு. எது பிழை என்று சொல்லக் கூடாது. தட்டு வாங்கியவர் வசனத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும். போன மாதம் முழுக்க நாங்கள் எடுத்துக்கொண்டது இறந்தகாலக் கேள்வி. ‘டிட் யூ வென்ட் டு த பேங்க்?’ என்றாள். ஒரு தட்டு. கண்ணை மேலே உருட்டி யோசித்தாள். ‘டிட் யூ... வென்ட்...’ இன்னொரு தட்டு. ‘டிட் யூ கோ. கோ! டிட் யூ கோ டு த பேங்க்?’ இறந்தகாலம் ‘டிட்’டிலேயே வந்துவிட்டது, பிறகு வினைச்சொல்லிலும் இன்னொரு தடவை அதைப் போடத் தேவையில்லை என்ற விதி அவளுக்கு எப்போதோ தெரியும், பரீட்சையில் புள்ளியும் எடுத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அது வாய்க்கு இறங்கியது. அதற்குப் பிறகு அவளே பாதி வசனத்தில் நின்று திருத்திக்கொள்கிறாள், எனக்குத் தட்ட வேலை இல்லை.

தட்டு விழுந்த வசனங்கள் ஒரு கொப்பிக்குப் போகும். இடப் பக்கத்தில் சொன்னபடி, வலப் பக்கத்தில் திருத்தியபடி. அடுத்த முறை உட்கார்ந்ததும் வலப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, இடப் பக்கத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும். ஒரே வசனம் மூன்று முறை தடையில்லாமல் வந்தால் அதன் மேல் ஒரு கோடு. சந்தையில் எத்தனையோ இலக்கணப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் நான் அடிக்கடி விடும் பிழைகள் மட்டும் நிறைந்த புத்தகம் அந்தக் கொப்பி ஒன்றுதான்.

ஏன் தமிழ்ச் சிநேகிதி ஒருத்தியோடு இதைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் நிலைக்காது. தாய்மொழி பொதுவாக இருக்கும் இருவர் ஆங்கிலத்தில் கதைப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் மனதைக் கட்டிப்போட வேண்டும். ஒரு சொல் தட்டுப்பட்டதும் தமிழ் வந்து காப்பாற்றிவிடும், அதோடு பயிற்சியும் முடிந்துவிடும். நங்கியோடு அந்த வசதி இல்லை. வீட்டுக்காரர் தண்ணீர் பில்லில் செய்த குழப்பத்தை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் சொன்னால்தான் உண்டு. சொல் கிடைக்காவிட்டால் சுற்றி வளைத்தாவது சொல்லியாக வேண்டும். அன்றாடப் பேச்சு என்பதே பாதிக்கு மேல் இந்தச் சுற்றி வளைத்தல்தானே. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று எழுதி வைத்தது. அந்த வாசகத்துக்கு உண்மையான பொருளை நான் கண்டது அந்தப் பூங்கா வாங்கில்தான். இந்த வகைத் துணை கொழும்பில் கிடைப்பதுபோல நாட்டின் வேறு பல ஊர்களில் எளிதாகக் கிடைக்காது. பக்கத்து மேசையிலேயே ஆள் இருக்கிறார்.

இன்னொரு லாபம், இருவர் காதும் வேறு வேறாகப் பழகியவை. ‘பார்க்’ என்று நான் சொல்லும்போது அது பூங்காவா, நாய் குரைப்பதா என்ற வித்தியாசம் அவளுக்குத் துல்லியமாகக் கேட்கும். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து, நமக்கு ஒரே ‘ப’. அதேபோல ‘அ புக்’, ‘அ பென்’ என்பதில் வரும் ‘அ’வை அவள் அவ்வளவாக விடுவதில்லை. சிங்களத்தில் பெயர்ச்சொல்லின் முடிவே ‘ஏதோ ஒன்று’ என்று காட்டிவிடும். நான் விட்டால் உடனே தட்டுகிறாள். ‘த’ எங்கே வரும், எங்கே வராது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாகத் தடுமாறுகிறோம்.

இந்த முறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. இருவர் காதுக்கும் சரியாகக் கேட்கும் பிழையை யார் தட்டுவது? ‘கேன் யூ டெல் மீ வேர் இஸ் த கவுன்டர்?’ என்பது நல்ல ஆங்கிலம் என்றுதான் எங்கள் இருவர் காதும் சொல்லும். கேள்விக்குள் கேள்வி வரும்போது ‘வேர் த கவுன்டர் இஸ்’ என்று திரும்ப வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதும் அப்படித்தான், அந்த ‘அபவுட்’ அங்கே வராது. இவற்றைப் பிடிக்க மூன்றாவது ஆள் வேண்டும். நாங்கள் அதற்கு விளக்கம் ஒரு பக்கமும் பயிற்சி எதிர்ப்பக்கமுமாக அச்சிட்ட ஒரு இலக்கணப் புத்தகத்தை வைத்திருக்கிறோம், வாரத்துக்கு ஒரு பாடம். அப்புறம், சந்தேகப்பட்ட வசனங்களை மட்டும் கைபேசியில் கேட்டுப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒரு வசனம் என்று கேட்டால் அந்த ஆப்கள் உண்மையிலேயே பயன்படுகின்றன. சமநிலையில் உள்ள இருவர் இப்படி எவ்வளவு தூரம் போகலாம், ஒரு கட்டத்துக்கு மேல் நன்றாகக் கதைக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டுமா என்பதற்கு என் அனுபவம் இன்னும் போதாது. வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

துணை தேடுகிறவர்கள் மிக நன்றாகக் கதைப்பவரைத் தேடிப் போக வேண்டாம். அவர் நான்கு நாளில் அலுத்துவிடுவார், நாமும் கூச்சத்தில் வாயைச் சுருக்கிக்கொள்வோம். நம்மைவிடக் கொஞ்சம் மேலோ கொஞ்சம் கீழோ, நேரத்துக்கு வருகிறவராக இருந்தால் போதும். பெண்பிள்ளைகள் பொது இடத்தில், வெளிச்சம் இருக்கும்போதே சந்தித்துக்கொள்வது நல்லது. முதல் நாளே தலைப்பைப் பெரிதாக எடுக்காதீர்கள். இன்றைக்கு அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதே ஒரு மணி நேரத்துக்குக் காணும்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுப் பகுதியில் ஒரு தலைப்பைத் தந்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் இடையில் எடுத்துக் கொடுக்க மாட்டார். உரையாடிப் பழகியவர்களுக்கு இதுதான் வழுக்கும் இடம். நங்கிக்கும் அந்தத் தேர்வு எண்ணம் இருப்பதால், ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசியாக ஆளுக்கு ஒரு முறை கைபேசியில் நேரம் வைத்துத் தனியாகப் பேசிப் பார்க்கிறோம். அப்போது பேனை பைக்குள் போய்விடும், பிழைகளை முடிந்தபின்தான் கதைப்போம். எழுத்துப் பகுதிக்கு மட்டும் இந்த முறையை நம்ப வேண்டாம். கட்டுரையின் கட்டமைப்பைத் திருத்த எங்கள் இருவராலும் முடியாது. அதற்கு ஒரு நல்ல ஆசிரியரிடம் காசு கொடுத்து, எழுதிய தாளைச் சிவப்புப் பேனையால் திருத்தி வாங்கிக்கொள்வதுதான் சரி.